வவ்வால் இல்லாத பள்ளி

எங்கள் பகுதியில் அரசு பாலர் பள்ளிகள் மூன்று. ஒரு பள்ளியை எடைபோட ஆளுக்கொரு வழி உண்டு. என் மனைவி டீச்சரின் கண்ணைப் பார்ப்பாள். என் மச்சான் சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைப் பார்ப்பான். நான் நேரே கழிப்பறைக்குப் போவேன். சிரிக்காதீர்கள். குழாய் வேலை பார்த்தே வயிறு வளர்ப்பவன் நான். ஒரு கட்டடத்தின் யோக்கியதை வரவேற்பறையில் தெரியாது, சிங்குக்கு அடியில் தலையை விட்டால்தான் தெரியும். அங்கே பைப்பில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தால், அந்த இடத்தில் எதையும் சரிசெய்யமாட்டார்கள், மூடித்தான் வைப்பார்கள். இதைச் சொன்னால் என் மனைவி, "பள்ளிக்கூடம் பாக்கப் போறீங்களா, கக்கூஸ் பாக்கப் போறீங்களா?" என்று கேட்பாள். இரண்டும்தான் என்பேன்.

இந்தப் பள்ளி பார்க்கும் படலம் எங்களுக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை எங்கும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கம்பிக்கதவுப் பள்ளியில் சுண்டுவைச் சேர்த்துவிட்டோம். சுண்டு எங்கள் மகள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று மச்சான் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. கம்பிக்கதவுப் பள்ளி என்பதும் நாங்கள் வைத்த பெயர்தான். துருப்பிடித்த கம்பிக்கதவு, ஒரே ஒரு பெரிய அறை, முற்றத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். நான் மதிப்பெண் போட்டிருந்தால் தேறியிருக்காது.

ஆரம்பத்தில் என் மனைவி கூடவே உட்கார்ந்திருந்தாள். சுண்டு அங்கே நன்றாகத்தான் விளையாடினாள். பிறகு ஒரு நாள் அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தோம். நான் ஒரு மாடிவீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றிருந்தேன், அப்போது பள்ளியிலிருந்து போன் வந்தது. பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள், கொஞ்சம் வரமுடியுமா என்றார்கள். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. பேன்ட்டில் முழங்கால் வரை ஈரத்தோடு ஓடிவந்தேன்.

சுண்டு மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். யாரோ ஒரு பையனுடைய கால்சட்டை அவள் இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்ட டீச்சர் மூக்குக்கண்ணாடி போட்டவள், கண்ணாடி டீச்சர் என்போம், இப்போதுதான் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த சின்னப் பெண். அவளுடைய மடியெல்லாம் ஈரமாக இருந்தது. நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். குழந்தை திடீரென்று வந்து வவ்வால், வவ்வால் என்று சொல்லியிருக்கிறாள். எங்கே வவ்வால் என்று டீச்சர் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. குழந்தை மறுபடியும் சொல்லியிருக்கிறாள், பிறகு அழ ஆரம்பித்திருக்கிறாள். பயந்துவிட்டாள் பாவம் என்று டீச்சர் அவளைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கி அணைத்துக்கொண்டு, வவ்வால் ரொம்ப நல்லது கண்ணு, அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று கதை சொல்லியிருக்கிறாள். பிள்ளை திமிறத் திமிற இன்னும் இறுக்கியிருக்கிறாள். கடைசியில் மடியிலேயே போய்விட்டது. மற்றப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்துவிட்டார்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வவ்வாலை வளர்க்கிறீர்களா என்று ஆரம்பித்தேன். வேனிலிருந்து ஏணியை எடுத்துவந்து கூரை இடுக்கு, காற்றுத்துளை, மின்விசிறியின் மேல்மூடி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பழைய இறகுப்பந்துதான் கிடைத்தது. வவ்வால் கிடைக்காததால் கோபம் இன்னும் ஏறியது. ஏணியில் நின்றபடியே அந்தப் பெண்ணைப் பார்த்து, பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களெல்லாம் ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். சுண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து சுண்டு வெளியில் பேசுவதில்லை.

வீட்டில் அவள் சரியான வாயாடி. காலையில் கண் திறப்பதற்குள் வாய் திறந்துவிடும். சோப்பு ஏன் வழுக்குகிறது, நிழலுக்கு ஏன் கண் இல்லை, மாமாவுக்கு ஏன் தொப்பை என்று நாள் முழுக்கக் கேள்விதான். ஆனால் வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. மூலை மருந்துக்கடைக்காரர் அவளுக்கு உற்ற சிநேகிதர். உன் தலையில் முடி எங்கே போச்சு என்று அவரைத் தினமும் விசாரிப்பாள், அவரும் தினமும் ஒரு புதுப் பொய் சொல்வார். இப்போது அவர் கூப்பிட்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிகிறாள். ஒரு நாள் அவர் பிஸ்கட்டை நீட்டியபடியே, பாப்பாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று கேட்டார். வாங்கப் போனதை வாங்காமலே கடையை விட்டு வந்துவிட்டேன்.

டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாக இருக்கிறது, நாக்கும் நன்றாக இருக்கிறது, மனசுதான் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். அவளுக்கு ஒட்டுகிற ஒரு இடமாகப் பார்த்து விடுங்கள், பயந்துபோய் வீட்டிலேயே வைத்திருந்தால் இதுவே பழகிப்போய்விடும் என்றும் சொன்னார். என் மனைவிக்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. பாலர் பள்ளிகளில் பெயர் பதிவதும் இந்த வாரத்தோடு முடிகிறது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். வேலை போனால் எப்படியாவது சமாளிக்கலாம். பிள்ளை இப்படியே வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது? அந்த நினைப்பு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஆகவே மிச்சமிருக்கிற இரண்டு பள்ளிகளையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். மச்சான் என்னோடு வேலை செய்கிறவன், நான் பைப் போட்டால் அவன் வயர் இழுப்பான். அவனிடம் அன்றைய வேலையை ஒப்படைத்தபோது, "போற இடத்துல வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்காதீங்க மச்சான். ஏணிய நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி, நிஜமாகவே ஏணியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டான்.

முதலில் மாடிப் பள்ளி. போன வருஷம்தான் கட்டினார்கள். தரை பளபளவென்று முகம் பார்க்கலாம் போல் இருந்தது. தலைமை டீச்சர் கழுத்தில் ஒரு விசில் தொங்கவிட்டிருந்தார். என் மனைவி அவரோடு பேசிக்கொண்டிருக்க, நான் என் சோதனையை முடித்துவந்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. எல்லா இணைப்பும் பித்தளை, ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. குழாய்கள் கையை நீட்டினால் தானாகத் திறக்கிற வகை. பிள்ளைகளின் குட்டிக் கை அந்தக் குழாயின் சென்சார் கண்ணுக்குத் தெரியாததால் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆயா கையை நீட்டித் தண்ணீர் வரவழைத்துக்கொண்டிருந்தார். சரி, அது பெரிய குற்றம் இல்லை.

நான் அங்கே நின்றபோதே விசில் சத்தம் கேட்டது. வகுப்பிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து வரிசையாகக் கழிப்பறைக்கு வந்தார்கள். வந்தாலும் போகவேண்டும், வராவிட்டாலும் போகவேண்டும். இடையில் யாருக்காவது அவசரம் வந்தால் என்று கேட்டேன். பழக்கிவிட்டால் வராது என்றார் தலைமை டீச்சர். எனக்கே அந்த விசிலைக் கேட்டதும் போகவேண்டும் போல் ஆகிவிட்டது. பிறகு மறக்காமல், உங்கள் பள்ளியில் வவ்வால் உண்டா என்று கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்தார், என் மனைவி தரையைப் பார்த்தாள்.

சுண்டுவிடம் பேர் என்ன என்று அவர் கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டார். சுண்டு என் சட்டைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள். எங்களிடம் விடுங்கள், கொஞ்ச நாளில் கிளி மாதிரி பேசவைக்கிறோம் என்று அவர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். படியிறங்கும்போது என் மனைவி, "கிளி மாதிரி வேணாங்க. நம்ம புள்ள மாதிரி பேசினாப் போதும்" என்றாள். பித்தளை இணைப்புகளை நினைத்து எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது பூங்காப் பள்ளி. பெயருக்கேற்றபடி பூங்காவை ஒட்டி, மரங்களுக்கு நடுவே இருந்தது. மரத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. உள்ளே போவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு மரமாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். தலைகீழாக எதுவும் தொங்கவில்லை. இருந்தாலும் சாயங்காலம் வந்து தொங்காது என்று என்ன நிச்சயம்? என் மனைவி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

இடம் நன்றாகத்தான் இருந்தது. கழிப்பறை சின்னது, ஆனால் எல்லாம் பிள்ளைகளின் உயரத்துக்கு இருந்தது. சிங்குக்கு அடியில் ஒரு இடத்தில் கசிவு, கீழே ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள். மூடி மறைக்கவில்லை, தெரிகிற மாதிரிதான் வைத்திருந்தார்கள், அதற்கு அரை மதிப்பெண் கொடுத்தேன். சுண்டுவை யாரும் பேர் கேட்டுப் பிடுங்கவில்லை. அவள் முன்னால் கொஞ்சம் களிமண்ணை வைத்துவிட்டுப் போனார்கள். அவளும் என் காலை விட்டுக் கீழே உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தாள். என் மனைவி பதிவு விஷயம் கேட்க அலுவலக அறைக்குள் போனாள். நான் ஒரு குட்டி நாற்காலியில் என்னை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் ஆயாம்மா பிள்ளைகளின் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த இடம்தான் என்று மனசு லேசாக முடிவுகட்டத் தொடங்கியது.

சுண்டு எழுந்துவந்து என் காதில் ஏதோ சொன்னாள். நான் எழுந்தேன், அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன், கை கழுவிவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தேன். அவள் மறுபடியும் களிமண்ணில் உட்கார்ந்தாள். பார்த்தால், ஆயாம்மா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எங்கங்க இருக்கு?" என்று கேட்டார்.

எது என்று கேட்டேன்.

"வவ்வால். இப்பத்தானே பாப்பா உங்க காதுல சொல்லுச்சு. வவ்வா, வவ்வான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் எங்கே வவ்வாலைப் பற்றிச் சொன்னாள், ஒண்ணுக்கு வருது என்றுதானே சொன்னாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. பேயறைந்தவன் மாதிரி அப்படியே நின்றேன்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஊரில் மற்றப் பிள்ளைகளெல்லாம் உச்சா என்பார்கள், மூச்சா என்பார்கள், ஒண்ணுக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. சுண்டுவுக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் காலை இடுக்கிக்கொண்டு நெளியும்போதெல்லாம், குழாய்க்காரன் புத்தி எங்கே போகும், "என்ன கண்ணு, வால்வா? திறந்துவிடலாமா?" என்று கேட்பேன். அவளுக்குச் சிரிப்பாக வரும். வால்வு என்பது குழாயில் தண்ணீரைத் திறந்து மூடுகிற சாமான், அதோடு ஒட்டியிருக்கிற ஆ நான் கேட்ட கேள்வி. பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா? வால்வா என்பதே முழுச் சொல் என்று எடுத்துக்கொண்டாள். ல்வா என்று சேர்ந்து வருவது இன்னும் அவள் நாக்குக்கு வசப்படவில்லை. வவ்வா என்றாள். வவ்வா என்றால் ஒண்ணுக்கு. எங்கள் வீட்டில் அது அவ்வளவு சாதாரணமான சொல். அவள் அம்மாவும் அதையே சொல்வாள், மாமாவும் அதையே சொல்வான். அது ஊரில் இல்லாத சொல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

கம்பிக்கதவுப் பள்ளியில் அவள் போய்ச் சொன்னதும் அதைத்தான். கண்ணாடி டீச்சர் நல்ல டீச்சர் ஆயிற்றே, பிள்ளை விட்டுவிட்ட எழுத்தைத் தானே சேர்த்துத் திருத்தி, வவ்வால் என்று எனக்குச் சொன்னாள். நான் அதை வீட்டுக்கு எடுத்துவந்து வவ்வால் என்றே மனைவியிடம் சொன்னேன். வவ்வா என்று யாராவது ஒருவர் எங்கள் காதில் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரே ஒரு ல், எங்கள் எல்லோரையும் கூரையை அண்ணாந்து பார்க்கவைத்துவிட்டது.

என் மனைவி வெளியே வந்தாள். இடம் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்கிறார்கள் என்று சந்தோஷமாக வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் சொன்னேன். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அழுகை என்று எனக்குத் தெரிந்தது.

"அவ போய்ச் சொல்லியிருக்கா பாருங்க," என்றாள். "சரியாத்தான் சொல்லியிருக்கா. திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கா."

அதுதான் எனக்கும் உறைத்தது. பிள்ளை பயந்து ஊமையாகவில்லை. அவள் தன் வேலையைச் சரியாகச் செய்தாள். தெரிந்த சொல்லை, தெரிந்த இடத்தில், நேரத்தோடு சொன்னாள். சொன்னதற்கு ஒரு பெரியவள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதை சொன்னாள். இன்னொரு பெரியவன், அவள் அப்பன், ஏணி போட்டுக் கூரையில் டார்ச் அடித்தான். வீட்டுக்கு வெளியே நம் பேச்சு செல்லாது போலிருக்கிறது என்று அவள் எண்ணிவிட்டாள். செல்லாத பேச்சை ஏன் பேசவேண்டும்? அவள் இடத்தில் நான் இருந்தாலும் பேசமாட்டேன்.

பூங்காப் பள்ளிக்குச் சாயங்காலம் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். வேனில் ஏறி உட்கார்ந்தும் வண்டியைக் கிளப்பவில்லை. அந்தக் கண்ணாடி டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தப் பெண் செய்த தப்பு என்ன, பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்து அணைத்துக்கொண்டது ஒன்றுதான். அதற்கு நான் ஏணி மேலிருந்து பேசிய பேச்சு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே என் மனைவி, "போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. இல்லேன்னா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றாள். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா.

கம்பிக்கதவுப் பள்ளி தெருவுக்குள் வண்டி திரும்பியதுமே சுண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளை உள்ளே கூட்டிப்போகும் எண்ணமே எங்களுக்கு இல்லை. இரண்டு பேரையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன். பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கிற நேரம். என்னைக் கண்டதும் கண்ணாடி டீச்சர் எழுந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அலமாரியைத் திறந்து, சுண்டுவின் அன்றைய உடுப்பை எடுத்து நீட்டினாள். துவைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்தாள். அதை வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

வழியெல்லாம் யோசித்துவைத்த வசனம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "டீச்சர், அது வவ்வால் இல்ல. வால்வு" என்று மட்டும் வந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பாவம். பிறகு மெல்ல மெல்ல முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசியது தப்பு, என் வாய் அப்படி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னேன். அசடு வழியச் சொன்னேன் என்பதுதான் உண்மை. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் கேட்ட மன்னிப்பு அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"அப்ப நான் அவளை எந்திரிக்கவே விடாம புடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்," என்றாள். "சார், அவ வந்திருக்காளா?"

வெளியே நிற்கிறாள், ஆனால் உள்ளே வரமாட்டாள் என்றேன். பரவாயில்லை, நான் போகிறேன் என்று செருப்பைக்கூடப் போடாமல் முற்றத்தைத் தாண்டிப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சுண்டு அவளைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய்விட்டாள். டீச்சர் கிட்டே போகவில்லை. கைக்கு எட்டாத தூரத்தில், கதவோரத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சுண்டுவைவிடக் கொஞ்சம் குள்ளமாகிவிட்டாள்.

"கண்ணு, அன்னிக்கு நீ என்கிட்ட வந்து சொன்ன. சரியாத்தான் சொன்ன," என்றாள். "எனக்குத்தான் புரியல. உன்ன இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். என்னை மன்னிச்சுக்கோ."

பிள்ளைகளிடம் பெரியவர்கள் செல்லம் கொஞ்சிப் பார்த்திருக்கிறேன், மிரட்டிப் பார்த்திருக்கிறேன், மிட்டாயைக் காட்டி ஏமாற்றிப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சின்னப் பிள்ளையிடம் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் அப்பா என்னிடம் கேட்டதில்லை, நானும் என் பிள்ளையிடம் கேட்டதில்லை. இத்தனைக்கும் ஏணி போட்டவன் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சுண்டு அம்மாவின் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். டீச்சர் அவசரப்படவில்லை. உள்ளே ஏதோ ஒரு பிள்ளை சிணுங்கியது, இன்னொரு டீச்சர் போய்த் தட்டிக்கொடுத்தார். அப்புறம் கண்ணாடி டீச்சர், அதை எப்படிச் சொல்லவேண்டும், எனக்கு ஒரு தடவை சொல்லித்தருவாயா என்று கேட்டாள்.

"வவ்வா," என்றாள் சுண்டு.

காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் சொன்னாள்.

"வவ்வா," என்று டீச்சர் திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை அதில் எதையும் சேர்க்கவில்லை, திருத்தவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. சுண்டு அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். சரியாக வந்துவிட்டதா என்று பரீட்சிக்கிற மாதிரி இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள். முழுசாக வெளியே வந்தாள். வந்து, கொஞ்சம் யோசித்து, டீச்சருக்குத் தெரியவேண்டிய ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

"இப்ப வரல."

என் மனைவி முந்தி மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சரி, வரும்போது சொல்லு என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். சுண்டு சரி என்றாள். வெளியில், வேற்று ஆளிடம், மூன்று தடவை வாய் திறந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது எனக்கு.

டீச்சர் எழுந்து, உள்ளே எல்லோரும் படுத்திருக்கிறார்கள், வந்து பார்க்கிறாயா என்று கேட்டாள். கையை நீட்டவில்லை. கேட்டுவிட்டு முன்னால் மெதுவாக நடந்தாள். சுண்டு துருப்பிடித்த அந்தக் கதவைத் தாண்டி அவள் பின்னால் போனாள். நானும் கூடவே போனேன். போகாமல் இருக்க முடியுமா? மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால், ஏதாவது சொல்லி யாருக்காவது புரியாமல் போய்விட்டால், பக்கத்தில் அப்பன் வேண்டாமா? முற்றத்தின் நடுவில் சுண்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ போப்பா," என்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. வீட்டில் சோப்பைப் பற்றிக் கேட்பாளே, அதே குரலில், உள்ளே படுத்திருந்த பிள்ளைகள் தலை தூக்கிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள். எனக்குப் போகப் பிடிக்கவே இல்லை. கால் நகரவில்லை. ஆனால் வெளியில் நின்று பிள்ளை வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. யாருக்கும் புரியாமல் போவதற்கு அதில் ஒன்றும் இல்லை. போனேன்.